உடைத்துப் போட்ட உரைநடையா, கவிதையா? பிள்ளைகளுக்கான ஒரு கவிதை நாவலை அலசுவது பற்றி

உப்பூர் வாசகர் | ஜூன் 9, இரவு 9.40

கே.ஏ. ஹோல்ட் எழுதி 2019-ல் வந்த 'ரெட்வுட் அண்ட் போனிடெயில்' பற்றிப் பேசணும். ஆங்கிலக் கவிதை நாவல், நடுநிலைப் பள்ளி வயசுப் பிள்ளைகளுக்கானது. அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர். கேட் சியர்லீடர், குதிரைவால் சடைக்காரி. அவள் அம்மாவுக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தாக வேண்டும். டேம் வாலிபால் ஆடுகிறவள், நெட்டை. அவள் அம்மா மகளை உள்ளபடி ஏற்கிற ஆள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒருத்திமேல் ஒருத்திக்கு வரும் பிரியம்தான் கதை. மாறி மாறி அவர்களே பேசுகிறார்கள்.

என் கட்சி: இது கவிதையே கிடையாது. உரைநடையை உடைத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கிறார். மூன்று பக்கத்தைச் சேர்த்தால் ஒரு பத்தி தேறும். தன்பாலீர்ப்பு என்ற பொருளுக்காகத்தான் பாராட்டு விழுகிறதோ என்று படுகிறது. இல்லை என்பவர்கள் இடம் காட்டிச் சொல்லுங்கள்.

பாம்பன் டீச்சர் | ஜூன் 9, இரவு 10.25

முதலில் ஒரு சோதனை. கீழே உள்ள வரிகள் அந்த நாவலில் இல்லை, விளக்கத்துக்காக நான் எழுதியவை. மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற பஸ், பாலத்தின் மேல்.

பஸ்ஸில் நீ
என் பக்கத்தில்.
பாலத்துக்குக் கீழே கடல்
உன் பக்கத்தில்.
எனக்குப் பிடித்தது

கடல்.

இதை ஒரே ஓட்டமாக எழுதிப் பாருங்கள். ஒரு பிள்ளை கடலை ரசித்தாள் என்பது மட்டும் மிஞ்சும். 'பிடித்தது' என்பதற்கும் 'கடல்' என்பதற்கும் நடுவில் விட்ட வெற்று வரியில்தான் அவள் 'நீ' என்று சொல்ல வாயெடுத்து மடக்கிக்கொள்கிறாள். வரி உடைப்புக்கு இந்த வகை நூலில் உள்ள வேலை இது.

ஆகவே உடைத்த இடத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டியும் பொருள் குறையவில்லை என்றால் அந்தப் பக்கத்தைப் பொறுத்தவரை உங்கள் கட்சி ஜெயித்தது. குறைந்தால் அது கவிதை. எல்லாப் பக்கமும் தேறாது. தகவல் சொல்ல வேண்டிய பக்கங்களில், அதாவது யார் யார், எந்த வகுப்பு, எந்த விளையாட்டு என்கிற இடங்களில், வரி உடைப்பு சும்மா கிடக்கும். தொடுகை, பொய், பயம் வருகிற பக்கங்களில் சோதியுங்கள்.

தொண்டிக்காரன் | ஜூன் 10, காலை 7.15

கவிதையில் கதை நமக்குப் புதுசா? பாரதியின் குயில் பாட்டு, பாரதிதாசனின் பாண்டியன் பரிசு. அதுக்கும் முன்னால சங்க நூல் ஐங்குறுநூறு. எங்க ஊர் பேரிலேயே தொண்டிப்பத்து இருக்கு.

மூக்கையூர் | ஜூன் 10, காலை 8.50

அந்தத் தொண்டி மேற்குக் கரையில் இருந்த சேரர் துறைமுகம். பாக் நீரிணைத் தொண்டி வேறு. ஆனால் நீங்கள் கைவைத்த நூல் சரியான நூல்.

குயில் பாட்டும் பாண்டியன் பரிசும் தொடர்ந்து ஓடுகிற கதைச்செய்யுள். இப்போது கவிதை நாவல் என்று வருபவை அப்படி இல்லை. தலைப்பு வைத்த சின்னச் சின்னக் கவிதைகள், தனியாகவும் நிற்கும், கோத்தால் கதையும் வரும். இதற்கு நம்மிடம் கிட்டத்து உறவு ஐங்குறுநூறுதான். 500 பாட்டு, குறிஞ்சி, நெய்தல் என்று நிலத்தை ஒட்டிப் பிரித்த ஐந்து திணைக்கும் 100, ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாக. பாட்டுக்கு 3 முதல் 6 அடி. நெய்தல் நூறு அம்மூவனார் பாடியது, அதில் 171 முதல் 180 வரை தொண்டிப்பத்து. அது அந்தாதி. ஒரு பாட்டு முடிகிற சொல்லைப் பிடித்து அடுத்தது தொடங்கும்.

மாறி மாறிப் பேசுகிற நாவலைப் படிக்கும்போது இதை ஒரு கருவியாக வைத்துக்கொள்ளலாம். ஒருத்தி விட்ட சொல்லை மற்றவள் எடுக்கிறாளா, எத்தனை பக்கம் கழித்து எடுக்கிறாள், எடுக்கும்போது பொருள் மாறுகிறதா என்று பென்சிலில் குறித்துக்கொண்டே போங்கள். இருவரும் சண்டையில் இருக்கும் இடத்தில் இந்தத் தொடர்ச்சி அறுகிறதா என்றும் பாருங்கள். கதைச்சுருக்கத்தில் அகப்படாத விஷயம் அங்கேதான் கிடக்கும்.

உப்பூர் வாசகர் | ஜூன் 10, மதியம் 1.30

ஒட்டிப் பார்த்தேன். சில இடம் தாங்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். சில இடம் தாங்கியது. ஆனால் சங்கப் பாட்டை இழுத்து வருவது எதற்கு? அகம், அதாவது காதல் பாட்டு என்றால் தலைவன், தலைவி. இங்கே இரண்டும் பெண். சட்டை பொருந்தாது.

பாம்பன் டீச்சர் | ஜூன் 10, இரவு 9.05

பாத்திரங்களைப் பொருத்த வேண்டாம். அலசுகிற முறையை எடுத்துக்கொள்வோம். தொல்காப்பியச் செய்யுளியல் 34 உறுப்பு சொல்கிறது. அதில் ஆறு போதும்: கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம். யார் சொல்கிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது, உடம்பில் என்ன தெரிகிறது, எது சொல்லாமல் விடப்பட்டது.

செய்முறை. நாவலை முதல் தடவை ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள், குறிப்பு எடுக்காமல். இரண்டாம் தடவை ஏ4 தாளை அகலவாட்டில் வைத்து ஆறு பத்தி கோடு போட்டு, ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு வரி எழுதுங்கள். முழு நூலுக்கும் வேண்டாம், அலுத்துவிடும். தொடக்கத்தில் பத்துக் கவிதை, இருவரும் நெருங்கும் இடத்தில் பத்து, பிரியும் இடத்தில் பத்து.

'கேட்போர்' பத்திதான் கதையைத் திறக்கும். ஒரே பிள்ளை தனக்குள் பேசும்போது எப்படி, அம்மாவிடம் பேசும்போது எப்படி, மற்றவளிடம் எப்படி என்று தனித்தனியாகப் பிரியும். அம்மாவிடம் முழு வாக்கியம், தனக்குள் அரைகுறை வாக்கியம் என்று வந்தால், அவள் எங்கே வேஷம் போடுகிறாள் என்பது இலக்கணத்திலேயே தெரிந்துவிடும். 'அடையாளச் சிக்கல்' என்று பொதுவாக எழுதுவதைவிட இதைக் காட்டுவது நூறு மடங்கு மேல்.

மெய்ப்பாடு பத்திக்கு ஒரு துணை. அதே நூலின் மெய்ப்பாட்டியலில் காதலின் முதல் நிலைக்குத் தொல்காப்பியர் நான்கு சொல்கிறார்: புகுமுகம் புரிதல், பொறிநுதல் வியர்த்தல், நகுநய மறைத்தல், சிதைவு பிறர்க்கு இன்மை. எதிர்ப்படுகிற முகத்தை விரும்புவது, நெற்றி வியர்ப்பது, வருகிற சிரிப்பை மறைப்பது, உள்ளே குலைந்ததை அடுத்தவருக்குக் காட்டாமலிருப்பது. 12 வயசுப் பிள்ளைக்குத் தன்னுள் நடப்பதற்குப் பெயர் தெரியாது. உடம்புக்கு முதலில் தெரிகிறது. இந்த வயசுக்கான நூல் எல்லை மீறாமல் நிற்பதும் அந்த நான்கோடுதான். கை பட்டது, முகம் சிவந்தது, அதற்குமேல் தேவையில்லை.

கீழக்கரை லாத்தா | ஜூன் 11, காலை 6.20

மூன்று அலெக்ஸ்களை யாரும் தொடவில்லையே. ஒரே உச்சரிப்பு, எழுத்து மட்டும் வேறு வேறு. பள்ளிக்கூடத்தின் கண்ணும் வாயுமாக நடு நடுவே வந்து பேசுகிற கூட்டம். கிரேக்க நாடகத்துக் குழுப்பாட்டு என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள், அதுவும் சரி. ஆனால் அம்பல், அலர் தெரிந்தவர்களுக்கு இன்னும் நுணுக்கமாகப் பார்க்க முடியும். அம்பல் என்பது வாய்க்குள் முணுமுணுப்பு, கண்ஜாடை. அலர் என்பது ஊரறியப் பேச்சு. ஒவ்வொரு குழுப்பாட்டையும் இது அம்பலா அலரா என்று கேளுங்கள். முன்னது பின்னதாக மாறுகிற பக்கத்தைக் கண்டுபிடித்தால் அதுதான் நாவலின் நடுமுள்.

கீழக்கரை மாதிரி சந்துக்குள் சந்தாக வீடு நெருங்கிய ஊரில் வளர்கிற பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். 'யாரெல்லாம் பார்க்கிறார்கள்?' என்று கேட்டால் போதும்.

தொண்டிக்காரன் | ஜூன் 11, காலை 9.00

சரி, அப்ப தோழி யாரு?

மூக்கையூர் | ஜூன் 11, இரவு 11.10

நல்ல கேள்வி. இந்த நாவலின் முக்கியமான இடமும் இதுதான் என்று நினைக்கிறேன்.

அகப்பாட்டில் தலைவியின் காதலை வீட்டுக்குச் சொல்கிற பொறுப்பு தோழியுடையது. அறத்தொடு நிற்றல். தலைவி தோழியிடம், தோழி செவிலி என்கிற வளர்ப்புத் தாயிடம், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் அண்ணன்மாரிடமும். நெய்தல் நூறு தொடங்குவதே 'தாய்க்கு உரைத்த பத்து' என்ற தோழி கூற்றோடு. தன் வாயால் சொல்ல முடியாத பெண்ணுக்குச் சொல்லித் தர ஓர் ஆள் இருக்கிறாள். அவள் மனசு அறிந்து, நேரம் பார்த்து, சொல் அளந்து சொல்கிறாள்.

இரண்டு பெண் பிள்ளைகளின் கதையில் அந்த இடம் காலி. தோழியாக இருக்க வேண்டியவளே விருப்பத்துக்கு உரியவள் ஆகிவிட்டாள். அவளைப் பற்றி அவளிடமே எப்படிச் சொல்வது? வேறு யாரிடம் சொல்வது? பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே பேசிக்கொள்கிற கவிதைகள் இத்தனை இருப்பதற்குக் காரணம் அது. தோழி சொல்லியிருக்க வேண்டியதைத்தான் வெற்று வரிகள் சொல்கின்றன. டீச்சர் காட்டிய 'பிடித்தது / கடல்' இடைவெளியில் ஒரு தோழி இருந்திருந்தால் இடைவெளியே தேவைப்பட்டிருக்காது. இந்தக் கதைக்கு உரைநடை ஒத்துவராது என்று நான் சொல்வதும் இதனால்தான். உப்பூராரின் முதல் கேள்விக்கு இதுதான் என் பதில்.

டேம் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் ஃபிரான்கி, ராக்ஸி என்று வயதான பெண் இணையர் வருகிறார்களே, அவர்கள் தோழியின் இடத்தில் பாதியை நிரப்புகிறார்கள். அறிவுரை சொல்வதைவிட, சேர்ந்து வயசாகி இருக்கிறார்கள் என்பதே பெரிய செய்தி. அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு வாழ்க்கை இருக்க முடியும் என்பதற்குக் கண்முன் சாட்சி. கேட் வீட்டுப் பக்கத்தில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு பிள்ளைகளின் வேகம் ஏன் வேறுபடுகிறது என்று புரியும்.

கீழக்கரை லாத்தா | ஜூன் 12, காலை 6.45

இதோடு ஒன்று சேர்க்கணும். அறத்தொடு நிற்றலையும் போட்டுக்கொடுப்பதையும் கலக்கக் கூடாது. தோழி சொல்வது தலைவியின் விருப்பத்தோடு. ஒரு பிள்ளையின் அனுமதி இல்லாமல் இன்னொருவர் அவள் வீட்டில் போய்ச் சொல்வது அவளைக் கைவிடுவது. வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்கள் இந்த வேறுபாட்டை மனசில் வைத்துக்கொண்டுதான் நூலைத் திறக்கணும். நூல் பேசி முடித்தபின் ஏதாவது ஒரு பிள்ளை தனியாக வந்து ஏதாவது சொல்லக்கூடும். கேளுங்கள். பெயர் வைக்காதீர்கள், வீட்டுக்குச் சொல்லாதீர்கள். அடி, மிரட்டல், வீட்டைவிட்டுத் துரத்தல் மாதிரி ஆபத்து தெரிந்தால் மட்டும் குழந்தைகள் உதவி எண் 1098. அதையும் பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

உப்பூர் வாசகர் | ஜூன் 12, மாலை 5.30

மூக்கையூர் சொன்ன தோழி விஷயம் என் கட்சியைப் பாதிக்குமேல் சாய்த்துவிட்டது. மீதிப் பாதி: பலவீனமான பக்கங்கள் உண்டு என்பதில் நிற்கிறேன்.

அடுத்த கேள்வி. நம்ம கரையிலேயே இப்படி ஒரு நாவல் தமிழில் வந்தால் எப்படி இருக்கும்? தனுஷ்கோடியில் தெற்கே ஆண்கடல், வடக்கே பெண்கடல். இதைவிடப் பொருத்தமான படிமம் கிடைக்குமா? கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் ஆடும், வடகடல் அமைதி. வாடை பிடித்தால் தலைகீழ், பெண்கடல் சீறும், ஆண்கடல் படுத்துக்கிடக்கும்.

பாம்பன் டீச்சர் | ஜூன் 12, இரவு 8.15

விவரம் சரி. படிமமாக வைக்காதீர்கள். அது பெரியவர் மூளையில் பிறக்கிற ஒப்புமை, இந்தக் கரையைப் பற்றி எழுத உட்கார்கிற எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. 12 வயசுப் பிள்ளை 'நானும் இந்தக் கடல் மாதிரி' என்று நினைக்காது. காற்று மாறியதும் அப்பா வள்ளத்தைக் கரை மாற்றிக் கட்டுவதை அவள் பார்ப்பாள். அதனால் மறுநாள் பள்ளிக்கு எந்த வழியாகப் போகிறாள், வழியில் யாரைப் பார்க்க முடியாமல் போகிறது என்பதை எழுதுங்கள். மிச்சம் வாசகர் பாடு.

கடல்பாசி எடுக்கப் போகிற வீட்டுப் பிள்ளை என்றால் காலம் தானாகவே அமைந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆறாறு நாள் என்று மாதத்துக்கு 12 நாள்தான் என்று பெண்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் அம்மா விடியுமுன் தீவுப் பக்கம் போய்விடுவாள், வீட்டு வேலை மகள் தலையில். நாவலை மாதக் கணக்கில் பிரிக்காமல் அமாவாசை, பௌர்ணமிக் கணக்கில் பிரிக்கலாம். அம்மா விரலில் சுற்றுகிற துணியைக் கிழித்துத் தருவது, மரிக்கொழுந்துப் பாசி காய்கிற வாடை யூனிஃபார்மில் ஒட்டியிருப்பது, பக்கத்தில் உட்கார்கிறவள் அதற்கு முகம் சுளிக்கிறாளா இல்லையா. ஒரு காதல் கதைக்கு இவ்வளவு போதும்.

மூக்கையூர் | ஜூன் 13, காலை 7.40

கடற்கரைக் கதை என்றதும் நெய்தல் என்று முத்திரை குத்துவது இன்னொரு சறுக்கல். நெய்தலின் உரிப்பொருள், அதாவது அந்தத் திணைக்கு உரிய உணர்வு, இரங்கல்; பொழுது எற்பாடு, சூரியன் சாய்கிற நேரம். அதை அப்படியே எடுத்தால் தன்பாலீர்ப்புக் கதை என்றாலே அழுகை, பிரிவு, சூரியன் சாய்கிற கரை என்று போய் முடியும். இந்தக் கதைகளை இத்தனை காலம் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கான நூல் அந்தப் பாதையில் போகவே கூடாது. உரிப்பொருள் தவிர மற்றவை மயங்கலாம் என்று தொல்காப்பியமே இடம் தருகிறது. மணலும் அடும்பங்கொடியும் இருக்கட்டும், உள்ளே குறிஞ்சியின் சந்திப்பும் மகிழ்ச்சியும் இருக்கட்டும். பேசிக்கொண்டிருந்த அமெரிக்க நாவலிலும் இதைத்தான் பார்க்கணும்: சோகப் பக்கங்களைவிடச் சந்தோஷப் பக்கங்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன? சோகத்தை வரி உடைத்து எழுதுவது லேசு. சந்தோஷத்தில்தான் கை தெரியும்.

தொண்டிக்காரன் | ஜூன் 13, மதியம் 12.10

தமிழில் மொழிபெயர்த்தால்?

பாம்பன் டீச்சர் | ஜூன் 13, இரவு 9.50

ஒரு வசதி, ஒரு தொல்லை.

வசதி: 'நான்', 'நீ' இரண்டிலும் ஆண் பெண் தெரியாது. வந்தேன், வந்தாய் என்று வினையிலும் தெரியாது. இரண்டு பிள்ளைகளும் ஒருத்தியை ஒருத்தி 'நீ' என்றே விளித்துப் பேசும் கவிதைகள் தமிழில் சுத்தமாக நிற்கும். ஊர் பேசத் தொடங்கும்போதுதான் 'அவள்', 'வந்தாள்' எல்லாம் உள்ளே வரும். அலெக்ஸ்களின் பகுதியில் படர்க்கையும் பிள்ளைகளின் பகுதியில் முன்னிலையும் என்று கறாராகப் பிரித்தால், அடையாளத்தை யார் சுமத்துகிறார்கள் என்பது விகுதியிலேயே விளங்கும்.

தொல்லை: தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில். ஆங்கிலத்தில் முதலில் வினையைச் சொல்லிவிட்டு வரியை உடைத்து, அடுத்த வரியில் யாரை, எதை என்று திறப்பார்கள். வரிக்கு வரி அப்படியே தமிழில் போட்டால் 'நான் பிடிக்கிறேன் / உன் கையை' என்று மேடைக் கவிதை மாதிரி ஆகிவிடும். உடைப்பை இடம் மாற்றணும். பெயரை முன்னால் வைத்து வினையைத் தள்ளிப்போடுங்கள்: 'உன் கையை / நான்' என்று நிறுத்தி, பக்கம் திருப்பினால் 'விட்டுவிட்டேன்.' பிடித்தாளா விட்டாளா என்று கடைசிச் சொல் வரை தெரியாது. ஆங்கிலத்துக்குக் கிடைக்காத தவிப்பு இது.

பேச்சு வழக்கும் கவனம். இந்தக் கரையில் பிள்ளைகள் 'ஏய் புள்ள', 'வாடி' என்பார்கள். தோழமையில் இருந்த 'டி' ஒரு நாள் வாயில் வராமல் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவது ஒரு முழுக் கவிதைக்கான விஷயம்.

உப்பூர் வாசகர் | ஜூன் 14, காலை 8.00

பள்ளி நூலகத்தில் வைத்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்கிறார்களே, அதற்கு என்ன?

கீழக்கரை லாத்தா | ஜூன் 14, காலை 10.30

2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பால்புதுமையர் (க்வியர்) பாதுகாப்பு பற்றி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த இடைக்கால ஆணையில் கல்வி நிலையங்களுக்கான பகுதி தனியாக இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்குப் புரிய வைக்க வேண்டும் என்று அதிலேயே வருகிறது. 2022-ல் தமிழ்நாடு அரசு இவர்களைக் குறிக்க வேண்டிய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் எல்லாம் அரசே ஏற்ற சொற்கள். ஆகவே தலைமையாசிரியரிடம் பேசும்போது 'விவகாரமான புத்தகம்' என்று தயங்கித் தயங்கித் தொடங்காதீர்கள்.

நடைமுறையில், கூட்டத்துக்கு முன்பே இரண்டு மூன்று தாய்மாரிடம் நூலைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது வாசித்துக் காட்டுங்கள். எதிர்ப்பு பெரும்பாலும் கேள்விப்பட்டதற்கு வருவது. கேட்டின் அம்மா பேசும் பக்கங்களைத் தேர்ந்தெடுங்கள். மகள்மேல் பிரியம் இருந்தும் தன் ஒழுங்கைத் திணிக்கிற அம்மாவை அவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பிள்ளைகளிடம் கேட்கக் கூடாதவை: 'உங்களில் யாராவது இப்படியா?', 'இது சரியா தப்பா?', 'நீயாக இருந்தால் என்ன செய்வாய்?' மூன்றாவது கேள்வி வெளிப்பார்வைக்கு நல்லதாகத் தெரியும். ஆனால் ஒளிந்திருக்கிற பிள்ளையைச் சபை நடுவே நிறுத்திவிடும். கேட்கக்கூடியவை: இந்தப் பக்கத்தில் யார் பேசுகிறார்? எந்த வரிக்கு அப்புறம் மூச்சு விட்டாய்? எது சொல்லாமல் விடப்பட்டது?

பாம்பன் டீச்சர் | ஜூன் 14, இரவு 9.20

வாசித்துக் காட்டுவது பற்றிக் கடைசியாக ஒன்று. இருவர் குரலும் ஒரே பக்கத்தில் இரண்டு பத்தியாக ஓடும் கவிதைகளை ஒரு ஆள் வாசித்தால் பாழ். இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்துங்கள், பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். முதலில் இடப் பத்தி முழுதும், பிறகு வலப் பத்தி முழுதும், மூன்றாம் முறை வரிக்கு வரி மாற்றி. இரண்டு பத்தியிலும் ஒரே சொல் நேருக்கு நேர் வந்தால் அதை மட்டும் சேர்ந்து சொல்லட்டும். வெற்று வரிக்கு மனசுக்குள் இரண்டு எண்ணச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விழுங்கிவிடுவார்கள். மைக் வேண்டாம். பையன்களும் இந்தக் குரல்களில் வாசிக்கலாம், யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். அலெக்ஸ் பகுதிக்கு மூன்று பேர், வகுப்பின் பின்வரிசையிலிருந்து, உட்கார்ந்தபடியே.